தகரத்தில் கொட்டிய கொள்ளு

போன வாரம் ராயபுரம் கடைவீதியில் புளி வாங்க நின்றுகொண்டிருந்தேன். எதிரே மொத்த அரிசிக்கடை வாசலில் ஒரு லாரி இரண்டு தரம் இருமிவிட்டு நின்றுபோயிற்று. டிரைவர் இறங்கி, தொட்டியின் மூடியைத் திறந்து, உள்ளே ஒரு குச்சியை விட்டு எடுத்தான். குச்சி காய்ந்தே வெளியே வந்தது.

"பெட்ரோல் தீந்துபோச்சு மொதலாளி. இனி ஓரடி நவுராது."

கடைக்காரர் கோபித்துக்கொள்ளவே இல்லை. உடனே ஆளை விரட்டினார். ஆள் ஓடிப்போய் டின்னோடு வந்தான். புனல் வைத்து, ஒரு சொட்டுக்கூடக் கீழே சிந்தாமல், பச்சைக் குழந்தைக்குப் பால் புகட்டுவதுபோல் ஊற்றினார்கள். கடைக்காரரே புனலைப் பிடித்துக்கொண்டார் என்றால் பாருங்கள்.

லாரியின் மேலே, மூட்டைகளின்மீது, சுமை இறக்கும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவன் தலையைச் சொறிந்துகொண்டே கேட்டான்: "வண்டி நிக்கிற நேரத்துல நாங்களும் ஒரு வாய் நாஷ்டா துன்னுட்டு வந்துர்றோம் மொதலாளி. காலைலேந்து ஒண்ணுமில்ல."

"சரக்க எறக்கிட்டு வந்து துன்னேன். யாரு வேணான்றது? இப்ப நேரமாவுது."

அவ்வளவுதான். லாரி புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பியது. அந்த ஆட்கள் மூட்டைமேல் ஆடிக்கொண்டே போனார்கள்.

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. எனக்குக் கோபம் வந்தால் காதுதான் சூடாகும், வாய் திறக்காது. பிறவிக் கூச்சம். புளிக்கடைக்காரன் "இன்னாம்மா, மயக்கமா வருதா?" என்று கேட்டான். இல்லை என்று தலையாட்டிவிட்டு, புளியை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புவரை படித்தது இந்த மாதிரி நேரத்துக்காவது உதவட்டும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். வாயால் சொல்ல முடியாததைக் கையால் சொல்வதில் எனக்கு அவ்வளவு வெட்கம் இல்லை.

பெட்ரோல் வாசனை சிலருக்குத் தலைவலி கொடுக்கும். எனக்கு அது கொள்ளு வேகும் வாசனையை ஞாபகப்படுத்துகிறது. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்பீர்கள். எனக்கு இருக்கிறது.

எங்கள் வீட்டுக்காரர் மாட்டுவண்டி வைத்திருந்தார். பெயரைச் சொல்லிப் பழக்கமில்லை. எழுதவும் வரமாட்டேன் என்கிறது, மன்னியுங்கள். சொந்த வண்டி, சொந்த மாடு. செவலை, மயிலை என்று இரண்டு. கல்யாணமாகித் தண்டையார்பேட்டைக்கு வந்த முதல் நாள், மாமியார் வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் வேலை கொள்ளு வேகவைப்பது. பெரிய மண்பானை. பொழுது விடியும்போது அடுப்பில் ஏற்றினால், அந்த மண்வாசனையும் ஒரு மாதிரிக் கருகல் வாசனையும் தெருக்கோடி வரைக்கும் போகும். வெந்ததும் வடித்துக் கொள்ளை மாட்டுக்கு வைப்போம். வடித்த தண்ணீரில் புளியும் பூண்டும் மிளகும் போட்டு நாங்கள் ரசம் வைத்துக்கொள்வோம். அந்த ரசத்துக்குத் தெருவில் எனக்கு நல்ல பெயர். பக்கத்து வீட்டு அஞ்சலையக்கா கிண்ணத்தோடு வந்து நிற்பாள்.

"இன்னாமே, இன்னிக்கி மாடு இன்னா மிச்சம் வச்சிது?" என்பாள்.

சிரிப்போம். ஆனால் அவள் சொன்னது உண்மைதான். எங்கள் வீட்டில் முதல் பந்தி மாட்டுக்கு. சாரம் அவைகளுக்கு, சாறு எங்களுக்கு. அதில் எங்களுக்கு வருத்தம் இருந்ததில்லை. பாரம் இழுப்பவன் முதலில் சாப்பிட வேண்டும் என்பது எங்கள் வீட்டில் யாரும் சொல்லிக்கொடுத்துத் தெரிந்துகொண்டதல்ல. சோறு தின்றால்தான் கை எழும் என்பது போல அதுவும் ஒன்று.

அஞ்சலையக்காதான் என்னை வேலைக்கும் கூட்டிப்போனாள். ராயபுரத்தில் ஓர் அரிசிக் கிடங்கில் கோணி தைக்கிற வேலை. கிழிந்த மூட்டைகளைச் சணல் போட்டுத் தைக்க வேண்டும். கோணி ஊசி என் விரல்களைக் குத்தியதற்குக் கணக்கில்லை. முதல் மாதம் அரிசியைவிட என் இரத்தம்தான் அந்த மூட்டைகளில் அதிகம் இருந்தது என்று அக்கா கேலி செய்வாள். யுத்தம் முடிந்து அரிசி கிராக்கியாக இருந்த வருஷங்கள் அவை. நெல்லூர்ப் பக்கத்து அரிசி கால்வாயில் படகேறி வரும். காற்று இருந்தால் பாய் விரிப்பார்கள். காற்று இல்லாவிட்டால் ஆட்கள் கரையில் இறங்கி, மார்பில் கயிற்றைக் குறுக்கே போட்டு இழுத்துக்கொண்டே நடப்பார்கள். அந்த ஆட்களின் மார்பில் பூணூல் மாதிரி ஒரு தழும்பு இருக்கும். படகு கரை சேர்ந்ததும் அவர்கள் முதலில் கேட்பது தண்ணீர், இரண்டாவது கேட்பது, "கஞ்சி எதனா கீதா தாயி?" அரிசிப் படகை இழுத்து வந்தவன் கஞ்சி இருக்கிறதா என்று என்னிடம் கேட்பான்.

நீங்கள் அரிசியை உலையில் போடும்போது அது எப்படி வந்தது என்று நினைத்துப் பார்த்ததுண்டா? அரிசி தானாக நடந்து வராது. வழி நெடுக யாரோ தின்று, யாரோ தெம்பைச் செலவழித்துத்தான் அது வந்து சேர்கிறது. படகுக்காரன் தின்ற கஞ்சி, மாடு தின்ற கொள்ளு, இப்போது லாரி குடிக்கிற பெட்ரோல். இதில் எதை நிறுத்தினாலும் அரிசி வழியிலேயே நின்றுவிட வேண்டும். நியாயம் அப்படித்தான் இருக்கிறது. நடப்பு அப்படி இல்லை. அதுதான் என் கோபம்.

கால்வாய்க் கரையிலிருந்து கிடங்குக்கு வண்டியில் அரிசி வரும். பிறகு கிடங்கிலிருந்து திருவொற்றியூர், எண்ணூர்க் கடைகளுக்கும், கால்வாய்க்கு அந்தப் புறத்துக் கடைகளுக்கும் போகும். அந்தக் கிடங்கில் ஒரு வழக்கம் இருந்தது. தீனிப்படி என்பார்கள். முதல் மூட்டையை வண்டியில் ஏற்றுவதற்கு முன்னால், வண்டிக்கு ஒரு படி கொள்ளு. வாடகை வேறு, இது வேறு. கொள்ளைச் சும்மா கையில் கொடுக்கக் கூடாது. மாட்டின் முகத்துக்கு நேரே ஒரு தகர டின்னில், மரப்படியிலிருந்து உயரத் தூக்கிக் கொட்ட வேண்டும். சடசடவென்று மழை பெய்வதுபோல் சத்தம் வரும். மாடு முகர்ந்து பார்க்கும். பிறகு வண்டிக்காரர் அதைத் தன் துண்டில் கட்டிக்கொள்வார். அப்புறம்தான் பாரம் ஏறும். பெரிய முதலாளி உடம்பு நன்றாக இருந்தவரை தானே வாசலில் நின்று கொட்டினார். அவர் ஒன்றும் தர்மவான் இல்லை. எங்கள் கூலியில் கஞ்சத்தனம் காட்டியவர்தான். ஆனால் இந்த ஒன்றில் கையை மடக்கியதில்லை.

இதனால் என்ன ஆயிற்றென்றால், மாடுகளுக்கு அந்தச் சத்தம் பழகிவிட்டது. சடசடவென்று கேட்டால்தான் கிளம்பும். கேட்காவிட்டால் கால்களை ஊன்றிக்கொண்டு வாசலிலேயே நிற்கும். மயிலை அதில் மகா பிடிவாதம். சத்தம் கேட்டதும் இரண்டு காதும் முன்னால் மடங்கும், பாருங்கள், கல்யாண வீட்டில் பந்திக்குக் கூப்பிட்டதுபோல.

பெரிய முதலாளி படுத்தார். மகன் வந்து உட்கார்ந்தார். வந்த வாரமே மேஸ்திரியைக் கூப்பிட்டு, "வாடகைதான் கொடுக்கிறோமே, தீனி எதுக்கு? மாடு அவங்க மாடு, வயிறு அவங்க பாடு. நாளையிலிருந்து நிறுத்து" என்றார். நான் நாலடி தள்ளி உட்கார்ந்து கோணி தைத்துக்கொண்டிருந்தேன். ஊசி விரலில் ஏறியது.

அன்று மாலை வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நம்ம கிட்ட நிறுத்தலாம்மே. மாடு கிட்ட எப்புடி நிறுத்துவாரு? அதுங்க நவுராதே" என்று சிரித்தார்.

அவர் சொன்னபடியேதான் மறுநாள் நடந்தது. பாரம் ஏற்றியாயிற்று, ஒரு மாடும் அசையவில்லை. வாசலிலிருந்து தெரு முனைவரைக்கும் வண்டிகள். மேஸ்திரி வாலை முறுக்கினான், கத்தினான். வண்டிக்காரர்கள் வேண்டுமென்றே சும்மா இருந்தார்கள். எங்களுக்கு உள்ளுக்குள் சந்தோஷம். அஞ்சலையக்கா என் காதில், "மாடுங்கோ ஸ்ட்ரைக் பண்ணிகினு கீதுடி" என்றாள். அப்போதெல்லாம் ஆலைகளில் அந்த வார்த்தை அடிபட்டுக்கொண்டிருந்தது.

அப்புறம்தான் அந்தக் கேவலம். மேஸ்திரி கிடங்குக்குள் போனான். கதவுக்குப் பின்னால் நின்று, தகர டின்னில் ஒரு படி கொள்ளைச் சடசடவென்று கொட்டினான். வெளியே மாடுகளின் காதெல்லாம் மடங்கின. மயிலை முன்னங்காலைத் தூக்கி வைத்தது. வண்டி நகர்ந்தது. மேஸ்திரி டின்னிலிருந்த கொள்ளை மறுபடியும் மூட்டையில் கொட்டிக்கொண்டான். அடுத்த வண்டிக்கும் அதே கொள்ளு. அதற்கடுத்த வண்டிக்கும் அதேதான்.

சின்ன முதலாளி கைகொட்டிச் சிரித்தார். "பலே, பலே! பைசா செலவில்லாம வண்டி ஓடுது பார்" என்றார். வரிசையில் இருந்த வண்டிக்காரர்கள் சிலருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மாடு ஏமாந்த விதம் அப்படி. எங்கள் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். தன் குழந்தையை யாரோ தெருவில் வைத்து ஏமாற்றியதைப் பார்த்த தகப்பனுடைய பார்வை அது.

மனிதனை மனிதன் ஏமாற்றலாம். ஏமாந்தவன் ஒருநாள் புரிந்துகொண்டு திருப்பிக் கேட்பான். வாயில்லாத ஒன்றின் காதை ஏமாற்றி வேலை வாங்குவதற்கு என்ன பெயர்? இத்தனை வருஷமாக யோசிக்கிறேன். எனக்குத் தெரிந்த வசவுகளில் எதுவும் போதவில்லை. எனக்குத் தெரிந்த வசவுகளும் கொஞ்சம்தான்.

அந்தக் கோடையில் வைக்கோலும் அரிசியைப் போல ஏறிப்போயிற்று. கொள்ளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நாங்கள் வீட்டில் வைத்ததெல்லாம் அரை வயிற்றுக்குத்தான் காணும். தீனிப்படி என்பது மாட்டுக்கு வெறும் பலகாரம் இல்லை, பாதிச் சாப்பாடே அதுதான் என்று அப்போதுதான் தெரிந்தது. பானையில் கொள்ளு குறையக் குறைய ரசமும் தெளிந்துகொண்டே வந்தது. அஞ்சலையக்கா கிண்ணம் கொண்டுவருவதை நிறுத்திவிட்டாள். அது அவளுடைய மரியாதை. செவலையின் விலா எலும்பு வெளியே தெரிய ஆரம்பித்தது. மயிலை ஒரு நாள் தகரச் சத்தம் கேட்டும் காதை மடக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, கிளம்பு என்றதும் கிளம்பிவிட்டது. "அதுக்குத் தெரிஞ்சிபோச்சுமே" என்றார் இவர். செவலைக்கு மட்டும் கடைசிவரை தெரியவில்லை. தினம் காதை மடக்கிக்கொண்டு நம்பிப் போயிற்று.

கால்வாய்ப் பாலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடியில் பாய்மரப் படகு போக வேண்டுமென்று அந்தப் பாலத்தை ஒட்டகத்தின் முதுகு மாதிரித் தூக்கிக் கட்டியிருந்தார்கள். பாரம் ஏற்றிய வண்டி அதில் ஏறுவது பெரிய பாடு. வண்டிக்காரர்கள் ஒருவருக்கொருவர் பின்னாலிருந்து தள்ளி உதவுவார்கள். சக்கரம் பின்னுக்கு உருளாமல் இருக்க முட்டுக்கட்டையைக் கையில் வைத்துக்கொண்டே நடப்பார்கள். அன்று நானும் அஞ்சலையக்காவும், கரையில் இறங்கிய கிழிசல் மூட்டைகளைத் தைப்பதற்காக, வண்டிகளின் பின்னாலேயே நடந்து போய்க்கொண்டிருந்தோம். அதனால் என் கண்ணாலேயே பார்த்தேன். பாலத்தின் உச்சிக்குக் கொஞ்சம் கீழே, செவலை முன்னங்கால்களை மடக்கி உட்கார்ந்துவிட்டது. தடுக்கி விழவில்லை. மெதுவாக, இனிமேல் என்னால் முடியாது என்று சொல்வதுபோல உட்கார்ந்தது. முழங்கால் தோல் உரிந்து கல்லில் இரத்தம். இவர் முட்டுக்கட்டையைச் சக்கரத்தின் பின்னால் உதைத்துத் தள்ளிவிட்டு, ஓடிப்போய்ப் பூட்டாங்கயிற்றை அவிழ்த்தார்.

பின்னாலிருந்த வண்டிக்காரர்கள் கத்தினார்கள். "இன்னா நைனா, ஓரங்கட்டு! பேஜாரு பண்ணாத!"

இவர் திரும்பிப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "இன்னிக்கி என் மாடு. நாளைக்கி உன்து."

 பிறகு அடுத்த வண்டிக்காரர் தன் மாடுகளை அவிழ்த்தார். அவருக்குப் பின்னால் இருந்தவரும் அவிழ்த்தார். இப்படியே பாலத்தின் இரண்டு பக்கமும் நுகத்தடிகள் தரையில் இறங்கின. அந்தப் பக்கத்து அரிசி, உப்பு, விறகு, மீன்கூடை எல்லாம் நின்றுபோயிற்று. அடியில் படகு இழுக்கிறவர்கள்கூடக் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள்.

வெயில் ஏறும் நேரத்துக்குச் சின்ன முதலாளி ஜட்காவில் வந்து சேர்ந்தார். இறங்கியதும் முதலில் மாட்டைப் பார்க்கவில்லை. மூட்டைகளைத்தான் பார்த்தார். "அரிசி சிந்திச்சா?" என்று கேட்டார்.

இவர் ஜட்காக் குதிரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நின்ற இடத்தில் குதிரைக்கு ஜட்காக்காரர் கழுத்தில் பையை மாட்டிவிட்டிருந்தார். கொள்ளுப் பை. குதிரை தலையை ஆட்டி ஆட்டிக் கறுக்கு முறுக்கென்று தின்றுகொண்டிருந்தது.

"மொதலாளி, உங்கள இட்டாந்த குதிரைக்குக் கொள்ளு. உங்க சரக்க இட்டாந்த மாட்டுக்குத் தகர சத்தமா?"

"குதிரை தின்னா ஓடும். உன் மாடு நோஞ்சான். நல்ல மாடா வாங்கத் துப்பில்ல, வந்துட்டான் பேச."

எனக்குக் காது சூடாகியது. வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. நல்ல வேளையாக அஞ்சலையக்காவுக்குக் கூச்சம் என்ற வியாதி கிடையாது. "யோவ், நோஞ்சானா ஆக்கினது யாரு? தெனம் தெனம் சத்தத்தையே துன்னா எந்த மாடு கொழுக்கும்? உனக்கும் நாளைக்கி எலையப் போட்டு, பக்கத்து ரூம்புல கரண்டியத் தட்டட்டுமா? ஏப்பம் வுடுறியா பாக்கலாம்!" என்றாள். பாலமே சிரித்தது. கீழே படகுக்காரர்கள்கூடச் சிரித்தார்கள். சின்ன முதலாளியின் முகம் செம்பருத்திப் பூவாகிவிட்டது.

அதற்குள் ஜட்காக்காரர், ஒரு வயதான முஸ்லிம், யாரையும் கேட்காமல் தன் குதிரையின் கழுத்திலிருந்து பையைக் கழற்றிக்கொண்டு வந்து செவலையின் முகத்தில் வைத்தார். "என்து அப்புறம் துன்னும். இது கீழ வுழுந்து கீது" என்றார். அவ்வளவுதான் சொன்னார். செவலை நாலு வாய் தின்றது. பிறகு நுகத்தடியை வயிற்றுக்கு அடியில் கொடுத்து, வண்டிக்காரர்கள் சேர்ந்து தூக்கி அதை நிறுத்தினார்கள்.

மற்ற கடைக்காரர்களுக்குச் சரக்கு நின்றுபோன எரிச்சல். "ஒரு படி கொள்ளுக்காக ஊர் அரிசியை நிறுத்திப்போட்டியே" என்று சின்ன முதலாளியைத்தான் திட்டினார்கள். மறுநாளிலிருந்து நிஜமான தீனிப்படி வந்தது. வாசலில், மாட்டின் முகத்துக்கு நேரே, சடசடவென்று. மேஸ்திரி முகத்தை எங்கோ வைத்துக்கொண்டு கொட்டினான்.

எங்களுக்கு அது பிரயோஜனப்படவில்லை. செவலையின் முழங்கால் ஆறவே இல்லை. சீழ் வைத்து, ஐப்பசி மழைக்கு முன்னால் போய்விட்டது. ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இன்னொன்று வாங்க வழியில்லை. மயிலையை மீஞ்சூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் ஓட்டிக்கொண்டு போனார். போகும்போது அது கிடங்கு வாசலைத் தாண்ட மறுத்துக் கொஞ்ச நேரம் நின்றது. அங்கே வேறு யாருடைய மாட்டுக்கோ கொள்ளு கொட்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு வண்டியும் போயிற்று.

சில வருஷம் கழித்துச் சின்ன முதலாளி லாரி வாங்கினார். "இனிமே எந்த மாடும் என் சரக்கை நிறுத்தாது" என்று பூசை போட்ட அன்று எல்லார் காதிலும் விழச் சொன்னார். ஆனால் அந்த லாரிக்கு ஒரு நாளாவது பெட்ரோல் இல்லாமல் டின்னைத் தட்டிக்காட்டியதுண்டா? முடியாது. இரும்புக்கு ரோஷம் அதிகம், ஊற்றினால்தான் ஓடும். மாட்டுக்கு ரோஷம் கம்மி, அரை வயிற்றில் ஒரு கோடை ஓடும். மனிதனுக்கு அதைவிடக் கம்மி. எங்கள் வீட்டுக்காரர் அந்த லாரியிலேயே மூட்டை ஏற்றி இறக்கும் ஆளாகப் போனார். லாரிக்குத் தொட்டி நிறைய. இவருக்கு, "எறக்கிட்டு வந்து துன்னேன்." எத்தனை வருஷம் அந்த ஒரே பதில். தன் தோளில் அரிசி மூட்டையை வைத்துக்கொண்டு பசியோடு நின்ற மனிதரை எனக்குத் தெரியும். இன்று அவர் முதுகு நிமிராமல் வீட்டோடு இருக்கிறார். அரிசியைத் தின்ற ஊரில் ஒருவருக்கும் இது தெரியாது. தெரிந்தாலும் ருசி குறையாது.

அந்தப் பாலத்தின் முதுகை லாரிக்காகத் தட்டிச் சமமாக்கிவிட்டார்கள். கயிறு இழுக்கிறவர்களைக் கரையில் எப்போதாவதுதான் பார்க்கிறேன். அஞ்சலையக்கா போய்ச் சேர்ந்துவிட்டாள். கிடங்கு வாசலில் மாடு நின்ற இடத்தில் இப்போது எண்ணெய்க் கறை. தீனிப்படி என்று அங்கே போய்க் கேட்டுப்பாருங்கள்; என்ன அது என்பார்கள்.

இன்னமும் நான் கொள்ளு ரசம் வைக்கிறேன். இப்போது கொள்ளையும் நாங்களே தின்கிறோம். முதல் பந்திக்கு வேறு யாரும் இல்லை. கடையிலிருந்து வாங்கி வந்ததைத் தகர டின்னில் கொட்டிவைப்பேன். ஒருநாள் அப்படிச் சடசடவென்று கொட்டும்போது, மூலையில் படுத்திருந்தவர் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்து வாசலைப் பார்த்தார். வாசலில் ஒன்றும் இல்லை. என்னையும் பார்க்காமல் மறுபடி படுத்துக்கொண்டார். அன்றிலிருந்து கொள்ளைக் கையால் அள்ளித்தான் டின்னில் போடுகிறேன், சத்தம் வராமல்.